அடிவரியிலிருந்து தொடங்குங்கள்: தல் அல் ஸாத்தர் சுவரொட்டியைப் படிக்கும் முறை

கேள்வி இது: "பாலஸ்தீன அகதி முகாம்களின் போராட்டத்தை நினைவுகூரும் சுவரொட்டிகளைக் கல்லூரிக் கண்காட்சி ஒன்றுக்காகச் சேர்க்கிறோம். 'தல் அல் ஸாத்தர்' என்ற பெயர் போட்ட ஒன்று 50×70 செ.மீ. அளவில் கிடைத்திருக்கிறது. எங்களில் யாருக்கும் அரபி தெரியாது. எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அசலா, மறுஅச்சா? ஸ்கிரீன் அச்சில் ஒரு பிரதி போட்டு மாட்டிவிட்டு, கையில் இருப்பதைப் பத்திரமாக எடுத்து வைக்கலாமா?"

முதலில் படத்தை விட்டுவிடுங்கள். கண் தானாகவே முஷ்டிக்கும் முள்வேலிக்கும் போகும், ஆனால் தகவல் அங்கே இல்லை. அடி ஓரத்தில் எறும்பு வரிசைபோல ஒரு பொடி எழுத்து வரி ஓடும். யார் வெளியிட்டது, எந்த நாளுக்காக வெளியிட்டது என்ற இரண்டும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். 1970களின் பாலஸ்தீனச் சுவரொட்டிகள் பலவற்றில் ஓவியரின் பெயரே இருக்காது, வெளியிட்ட அமைப்பின் பெயரோ சின்னமோ மட்டும் இருக்கும். சுவரொட்டிக்கு அரபியில் 'முல்ஸக்' என்று பெயர். ஒட்டப்பட்டது என்று பொருள். நம் 'சுவரொட்டி'யும் ஏறத்தாழ அதைத்தான் சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட சுவரில் ஒட்டுவதற்காகச் செய்த பொருள் அது. அந்த நாள் தெரியாமல் படத்துக்கு விளக்கம் எழுதினால் தவறாகத்தான் போகும்.

அரபி தெரியாதவர் எண்களை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் போதும். சொற்கள் வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்களை நம்மைப் போலவே இடமிருந்து வலமாகத்தான் எழுதுவார்கள். ஒன்று ஒரு நெடுங்கோடு. ஒன்பது நம் 9 போலவேதான். ஏழு, மேல்நோக்கித் திறந்த கவட்டை. எட்டு, அதே கவட்டையைக் கவிழ்த்து வைத்தது. பூச்சியம் வெறும் புள்ளி. சிக்கல் ஐந்திலும் ஆறிலும்தான். ஐந்து நம் பூச்சியம் மாதிரி வட்டமாக இருக்கும், ஆறு நம் 7 மாதிரி இருக்கும். அதனால் 1965 என்று எழுதியிருப்பது நம் கண்ணுக்கு 1970 என்றே தெரியும். பாலஸ்தீன இயக்கங்களில் ஒன்றான ஃபத்தா தன் ஆயுதப் போராட்டத் தொடக்கமாகக் கொண்டாடுவது 1965 ஜனவரி 1. அந்த ஆண்டைப் பொறித்த சுவரொட்டிகளை '1970' என்று பதிவேட்டில் ஏற்றிவிடுவதற்கு இதுதான் காரணம். மே 15 என்பதும் 'மே 10' ஆகிவிடும். மார்ச் 30இல் கடைசிப் புள்ளியைக் கவனிக்காமல் 'மார்ச் 3' என்று படிப்பதும் உண்டு. உங்களிடம் உள்ளதில் நெடுங்கோடு, 9, திறந்த கவட்டை, 7 போன்ற ஒன்று என்ற வரிசை இருந்தால் அது 1976.

அடுத்தது மாதப் பெயர். லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளில் ஆங்கில மாதப் பெயர்களை விடப் பழைய பெயர்களே அச்சில் வரும். கானூன் அத்தானி ஜனவரி, ஆதார் மார்ச், நீஸான் ஏப்ரல், அய்யார் மே, ஆப் ஆகஸ்ட், அய்லூல் செப்டம்பர். இயக்கங்களின் சுவரொட்டி வேலை ஏறத்தாழ ஒரு நாட்காட்டியைப் பிடித்தே நடந்தது. கானூன் அத்தானி 1 ஃபத்தாவின் தொடக்க நாள். ஆதார் 21, 1968இல் ஜோர்தானில் கராமா முகாமில் இஸ்ரேலியப் படையோடு நடந்த சண்டை. ஆதார் 30, நிலப் பறிப்பை எதிர்த்து 1976இல் தொடங்கிய நில நாள். நீஸான் 17 சிறைக்கைதிகள் நாள். அய்யார் 15 நக்பா, அதாவது 1948இல் பாலஸ்தீனர்கள் விரட்டப்பட்ட பேரழிவின் நாள். ஆப் 12 தல் அல் ஸாத்தர் முகாம் வீழ்ந்த நாள். அய்லூல் என்றால் ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970 என்றால் ஜோர்தான் படை பாலஸ்தீன இயக்கங்களை ஒடுக்கிய கறுப்பு செப்டம்பர், 1982 என்றால் பெய்ரூத்தின் சப்ரா, ஷத்தீலாவில் நடந்த படுகொலை.

இந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டால் காலத்தின் கீழ் எல்லை தானாகக் கிடைக்கும். நில நாளைப் பேசும் சுவரொட்டி 1976க்கு முந்தியதாக இருக்க முடியாது. நவம்பர் 29ஐப் பாலஸ்தீன ஒருமைப்பாட்டு நாளாக ஐ.நா. அறிவித்தது 1977இல், எனவே அந்த நாளைச் சொல்வது அதற்குப் பிந்தியது. முதுகு காட்டி நிற்கும் சிறுவன் ஹன்தாலா படத்தில் இருந்தால் 1969க்கு முன்னால் போக வழியில்லை. லெபனானின் அய்ன் அல் ஹில்வே முகாமில் வளர்ந்த கேலிச்சித்திரக்காரர் நாஜி அல் அலி அவனை முதலில் வரைந்தது அந்த ஆண்டில்தான்.

இப்போது தல் அல் ஸாத்தருக்கு வருவோம். ஸாத்தர் என்பது பாலஸ்தீன வீடுகளில் காலையில் எண்ணெயோடு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் மணமூலிகை, தல் என்றால் மேடு. பெய்ரூத்தின் வடகிழக்கே, தொழிற்சாலைகளுக்கு நடுவே, 1949இல் எழுந்த முகாம். பாலஸ்தீனர்களோடு ஏழை லெபனானியர்களும் அங்கே குடியிருந்தார்கள். லெபனான் உள்நாட்டுப் போரில் வலதுசாரிக் கிறித்தவப் படைகள் 1976 தொடக்கத்திலேயே முகாமுக்கான வழிகளை அடைத்தன. ஜூன் 22இல் முழுத் தாக்குதல் தொடங்கியது. ஏறத்தாழ 52 நாள் தாக்குப்பிடித்து, ஆகஸ்ட் 12இல் முகாம் வீழ்ந்தது. கொல்லப்பட்டவர்கள் 1,500 முதல் 3,000 வரை என்று மதிப்பீடுகள் சொல்கின்றன. தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள் குழாயடியிலேயே சுடப்பட்டார்கள். பின்னர் முகாமையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே இந்தப் பெயரைத் தாங்கிய சுவரொட்டியில் ஒரு தண்ணீர்க் குடமோ தகரமோ இருந்தால் அதை அலங்காரம் என்று கடந்து போகாதீர்கள். தண்ணீருக்காகச் செத்தவர்களின் முகாம் அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1976 என்று போட்டிருப்பதாலேயே 1976இல் அச்சானது என்று எழுதிவிடக் கூடாது. அது நிகழ்வின் ஆண்டாக இருக்கலாம். ஆண்டு தோறும் ஆகஸ்டில் நினைவுச் சுவரொட்டி வந்தது. 'திக்ரா' என்ற சொல் இருக்கிறதா என்று அரபி தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். நினைவு, நினைவு நாள் என்று பொருள். அது இருந்தால் முதல் ஆண்டு நினைவா, ஐந்தாம் ஆண்டா என்று பக்கத்திலேயே சொல்லியிருப்பார்கள். அது இல்லாமல், முகாமுக்கு ஆதரவு கேட்கும் தொனி இருந்தால் முற்றுகை நடந்துகொண்டிருந்த வாரங்களிலேயே அச்சானதாக இருக்க வாய்ப்பு உண்டு.

இந்தக் கலை முகாம்களில் பிறந்தது என்று சொல்வதை வெறும் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஓவியர் இஸ்மாயில் ஷம்மூத் 1948 ஜூலையில் லித்தா நகரிலிருந்து விரட்டப்பட்டு, காஸாவின் கான் யூனிஸ் முகாமுக்கு வந்து சேர்ந்தவர். அந்த வெயில் நடையை 1953இல் 'எங்கே?' என்ற ஓவியமாக்கினார். அவருடைய ஓவியங்களின் அச்சுப் பிரதிகள் முகாம் வீடுகளின் சுவர்களுக்குப் போயின. பாலஸ்தீன விடுதலை அமைப்பின் கலைப் பிரிவுக்குப் பின்னாளில் அவரே பொறுப்பேற்றார். 1968 சண்டையில் கராமா முகாம் பெரும்பாலும் இடிக்கப்பட்டாலும், அந்தப் பெயருக்கே கண்ணியம் என்று பொருள் என்பதால் அது ஓர் இலச்சினை ஆயிற்று. அதற்குப் பிறகுதான் சுவரொட்டிகள் பெருகின. கூடாரத்தில் வரிசையில் நிற்கும் அகதியின் இடத்தில் கஃபிய்யா என்ற கட்டம் போட்ட தலைத்துணி கட்டி நிற்கும் போராளி, ஃபிதாயீ, அதாவது தன்னையே தருபவன், வந்து நின்றான். பெயரில்லை, பெரும்பாலும் முகமும் இல்லை. அப்படி வரைந்தது ஓவியருக்கு முகம் எழுத வராததால் அல்ல. முகாமில் உள்ள எந்த இளைஞனும் அந்தக் கஃபிய்யாவுக்குள் தன் முகத்தைப் பொருத்திப் பார்க்க இடம் விட்டார்கள்.

1970களில் பெய்ரூத் இதன் அச்சுக்கூடமாகவே இருந்தது. எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி தாமே சுவரொட்டிகள் வரைந்தார். பெய்ரூத் அரபுப் பல்கலைக்கழகத்தில் 1978 மார்ச்சில் நடந்த பன்னாட்டு ஓவியக் கண்காட்சியை ஒருங்கிணைத்தவர் சிற்பி முனா ஸஊதி. சுமார் 30 நாடுகளின் கலைஞர்கள் படைப்புகளைக் கொடுத்தார்கள். இராக்கின் தியா அல் அஸ்ஸாவி தல் அல் ஸாத்தருக்காகவே ஓர் அச்சோவிய வரிசை செய்தார். சுவிட்சர்லாந்துக்காரரான மார்க் ரூடின் 'ஜிஹாத் மன்சூர்' என்று கையெழுத்திட்டு, பாலஸ்தீன இடதுசாரி இயக்கமான மக்கள் முன்னணிக்காக வரைந்தார். அரபிப் பெயரைப் பார்த்த உடனே பாலஸ்தீனர் என்று எழுதிவிடாதீர்கள் என்பதற்கு அவர் ஓர் உதாரணம். அரபி, ஸ்பானிஷ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று நான்கு மொழிகளில் வாசகம் இருந்து, நடுவில் மடிப்புத் தழும்பும் இருந்தால் கியூபாவில் அச்சாகி, இதழுக்குள் மடித்து வைத்து உலகம் முழுக்க அஞ்சலில் போனதாக இருக்கலாம். அந்த மடிப்பு சேதம் அல்ல, அது வந்த வழி. அழுத்தித் தேய்த்து அதை நீக்கப் பார்க்காதீர்கள்.

வண்ணங்களை எண்ணிப் பாருங்கள். பாலஸ்தீனக் கொடிக்குக் கறுப்பு, வெள்ளை, பச்சை, சிவப்பு என நான்கு நிறம். வெள்ளைக்குத் தாளே போதும் என்பதால் மை மூன்றுதான். மூன்று மையை மூன்று தடவை ஓட்டினால் கொடியும் முழு, படமும் முழு. இந்தச் சிக்கனம்தான் அந்தச் சுவரொட்டிகளின் கனமான, தட்டையான அழகுக்கு முக்கியமான ஒரு காரணம். 50×70 அளவும் சிக்கனம்தான், 70×100 தாளைச் சரிபாதியாக வெட்டினால் கழிவே இல்லை.

இத்தனை அச்சடித்தும் ஏன் இவ்வளவு அரிதாகக் கிடைக்கின்றன? 1982இல் இஸ்ரேலியப் படை பெய்ரூத்தை முற்றுகையிட்டபோது, முனா ஸஊதியின் கண்காட்சிச் சேகரிப்பு இருந்த கட்டடம் குண்டுவீச்சுக்கு இலக்கானது. பாலஸ்தீன ஆய்வு மையத்தின் நூலகத்தைப் படையினர் அள்ளிச் சென்றார்கள். ஓவியர் முஸ்தஃபா அல் ஹல்லாஜின் அச்சோவியங்கள் பெருமளவு அழிந்தன, ஆனால் அவர் செதுக்கிய பலகைகளைக் காப்பாற்ற முடிந்தது. பலகை இருந்தால் மறுபடி அச்சடிக்கலாம். (2002இல் டமாஸ்கஸ் பட்டறையில் பிடித்த தீயிலிருந்து தம் படைப்புகளை மீட்கப் போய் அவர் இறந்தார். இந்தக் கலையைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட மனம் வருவதில்லை.) முகாம்களில் ஒட்டியவற்றின் கதி வேறு. பூச்சு இல்லாத சிமெண்ட் கல் சுவர் பசையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஓரம் எழும்பும், மழை முடித்து வைக்கும், அதன்மேல் அடுத்தது ஒட்டப்படும். எனவே இன்று நம் கைக்கு வருபவை பெரும்பாலும் ஒட்டப்படாத பிரதிகள். ஐரோப்பியத் தோழமைக் குழுக்களுக்கும் மாணவர் சங்கங்களுக்கும் இயக்க அலுவலகங்களுக்கும் அனுப்பியவை. பாரிஸில் விடுதலை அமைப்பின் பிரதிநிதியாக இருந்து 1978இல் கொல்லப்பட்ட இஸ்ஸுத்தீன் கலக் இவற்றைத் தேடிச் சேர்த்தவர்களில் ஒருவர். நாம் 'முகாம் சுவரொட்டி' என்று காட்டுவது முகாமிலிருந்து வந்ததாக இருக்காது, முகாமைப் பற்றியதாக இருக்கும். கண்காட்சிக் குறிப்பில் இந்த வேறுபாட்டை எழுதுங்கள்.

மேற்குக் கரையிலும் காஸாவிலும் நிலைமை வேறு. 1967 ஆகஸ்டில் மேற்குக் கரைக்கு இஸ்ரேலியப் படை போட்ட இராணுவ ஆணை 101இன்படி அரசியல் பொருள் கொண்ட எதையும் அனுமதி இல்லாமல் அச்சடிக்க முடியாது, கொடியைக் காட்டவும் முடியாது. அதனால் அங்கே உருவகம் வேலை செய்தது. ஸுலைமான் மன்சூரின் 1973 ஓவியத்தில் ஒரு கிழச் சுமைதூக்கி ஜெரூசலேம் நகரையே கயிற்றில் கட்டி முதுகில் சுமக்கிறார். துப்பாக்கியும் இல்லை, கொடியும் இல்லை. சுவரொட்டியாக வந்து வீடு வீடாகத் தொங்கியது அது.

2000க்குப் பிறகு முகாம் சுவர்களில் வந்தவற்றை இந்த மரபோடு அப்படியே சேர்த்துவிடாதீர்கள். ஜெனின், பலாத்தா போன்ற முகாம்களில் இரண்டாம் இந்திஃபாதா என்ற எழுச்சிக் காலத்தில் ஒட்டியவை தனி மனிதரின் சுவரொட்டிகள்: இறந்தவரின் புகைப்படம், பின்னால் ஜெரூசலேமின் பாறைக் குவிமாடம், அல்லாஹ்வின் பாதையில் கொல்லப்பட்டோரை இறந்தவர் என எண்ணாதீர் என்ற குர்ஆன் மூன்றாம் அத்தியாயத்தின் 169ஆம் வசனம், மூலையில் இயக்கச் சின்னம். மஞ்சள் ஃபத்தா, பச்சை ஹமாஸ், சிவப்பு மக்கள் முன்னணி, கறுப்பு இஸ்லாமிய ஜிஹாத். கணினியில் சில மணி நேரத்தில் அமைத்து, அடக்கத்துக்கு முன்பே ஒட்டிவிடுவார்கள். போராளி மட்டுமல்ல, தெருவில் குண்டு பட்ட குழந்தைக்கும் இதே வடிவம்தான், சில நேரம் ஒரே ஆளுக்கு இரண்டு இயக்கங்கள் தனித்தனியாகப் போடுவதும் உண்டு. இவை கலைஞனின் படைப்பு என்பதை விட ஒரு குடும்பத்தின் துக்க அறிவிப்பு. முகமும் பெயரும் உள்ள இவற்றைக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் கண்காட்சியில் பெரிதாக்கி மாட்டுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

அசலா, மறுஅச்சா என்பதற்குப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று வாங்குங்கள். தட்டையான நிறம் நிறைந்த இடத்தைப் பாருங்கள். புள்ளியே இல்லாமல், மை தாள்மேல் மெல்லிய தோல்போலப் படிந்து, விரல் நுனிக்கு ஓரம் தட்டுப்பட்டால் ஸ்கிரீன், அதாவது துணித் திரை வழியே மையைத் தள்ளிய அச்சு. வரிசையான புள்ளிகள், நாலு நிறம் சேரும் இடத்தில் சிறு பூப்போன்ற வட்டங்கள் என்றால் ஆஃப்செட், அதாவது தகடு வைத்து இயந்திரத்தில் ஓட்டிய அச்சு. மணல் தூவியதுபோல ஒழுங்கில்லாத பொடிப்புள்ளி என்றால் இங்க்ஜெட், அதாவது அண்மைக்காலப் பிரதி. தீர்மானமான சான்று எழுத்தில் கிடைக்கும். அசலில் அடிவரியின் பொடி எழுத்து முழு மையில், கூரான ஓரத்தோடு இருக்கும். சுவரொட்டியைப் படம்பிடித்து மறுபடி அச்சடித்திருந்தால் அந்த எழுத்துகூடப் புள்ளிகளாக உடைந்திருக்கும். அளவும் சொல்லும்: 1970களின் வேலை என்று சொல்லப்படும் ஒன்று சரியாக ஏ2 அளவில், 42×59.4 செ.மீ. இருந்தால் சந்தேகப்படுங்கள். வெயில் பட்ட ஆஃப்செட் தாளில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய் நீலமும் கறுப்பும் மிஞ்சும். அந்த நீலம் பாய்ந்த முகத்தைப் பொய்யாகச் செய்வது எளிதல்ல. தாள் மட்டும் பழுப்பாகி நிறங்கள் பளிச்சென்று இருந்தால், தாளை வேண்டுமென்றே பழுப்பாக்கினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீனில் பிரதி போடுவது நல்ல யோசனை. துணி இழுத்துக் கட்டிய மரச்சட்டம் நிறத்துக்கு ஒன்று, எனவே மூன்று சட்டம். படத்தை விட நாலு பக்கமும் 10 முதல் 15 செ.மீ. கூடுதல் இடம் வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் துணியின் இழுவை கூடி மை சீராக இறங்காது. துணி செ.மீ.க்கு 77 முதல் 90 இழை, அதை விடப் பெரிய கண் இருந்தால் பொடி எழுத்து அடைந்துபோகும். துணிக்கும் தாளுக்கும் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். சிவப்பு, பச்சை முதலில், கறுப்பு கடைசியில். கறுப்பை மற்ற இரண்டின் ஓரத்தின் மேல் அரை மி.மீ. ஏற்றி வெட்டினால் சிறு நகர்வு வெளியே தெரியாது. தாளை முதல் நாளே பிரித்து அச்சறையில் பரப்பி வையுங்கள், ஈரப்பதம் மாறினால் 70 செ.மீ. நீளத்தில் ஒரு மி.மீ. நீள்வது சாதாரணம், இரண்டாவது நிறம் பொருந்தாது.

பெரிய ஆபத்து அரபி எழுத்துப் புள்ளிகளில் இருக்கிறது. பே, தே, ஸே, நூன் ஆகியவை சொல்லுக்கு நடுவில் வரும்போது உடல் ஒன்றுதான், புள்ளியின் எண்ணிக்கையும் இடமும்தான் வேறுபாடு. நம் மெய்யெழுத்தில் புள்ளி போனால் சொல் மாறுவதை விட மோசம். துணியில் பூசும் ஒளியுணர் பூச்சான எமல்ஷனுக்கு வெளிச்சம் கூடினாலோ, கழுவும்போது முழுதாகத் திறக்காமல் விட்டாலோ முதலில் காணாமல் போவது இந்தப் புள்ளிகள்தான். கழுவிய சட்டத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அசலோடு புள்ளிக்குப் புள்ளி எண்ணிய பிறகே மை ஊற்றுங்கள். கணினியில் படத்தைத் திருப்பிப் போட்டு எழுத்து கண்ணாடிப் பிம்பமாக அச்சாவதும் நடக்கும், அரபி தெரியாத கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஓவியர் யாரென்று தெரிந்தால் அவரிடமோ குடும்பத்திடமோ அனுமதி கேளுங்கள். பிரதியின் அடி ஓரத்தில் 'மறுஅச்சு' என்றும் அச்சடித்த ஆண்டையும் போடுங்கள், நாளைக்கு அதுவே அசலென்று யார் கைக்காவது போகக் கூடாது.

அசலை லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாக நிற்கும். மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் பின்பக்கம் ஒட்டினால் ஈரம் காட்டி எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் முதலில் ஈரப்பஞ்சின் நுனியால் மை கரைகிறதா என்று மூலையில் சோதியுங்கள். அமிலமற்ற உறையில் படுக்கையாக, 50 சதவீத ஈரப்பதத்துக்கு அருகில் வையுங்கள். கட்டாயம் மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெளிச்சம் 50 லக்ஸுக்குள், சில வாரங்கள் மட்டும். நான்கு மூலையிலும் ஊசித் துளைகள் இருந்தால் அவற்றை நிரப்பிச் சரிசெய்யாதீர்கள். எத்தனை துளை, துருக்கறை உண்டா, ஒரே இடத்தில் பலமுறை குத்தியதா என்று பதிவேட்டில் எழுதுங்கள். யாரோ ஒருவர் வீடு மாறும்போதெல்லாம் கழற்றி, அடுத்த அறையில் மறுபடி மாட்டியிருக்கிறார் என்பதற்கு அது மட்டும்தான் சாட்சி.